கோயில் வரிசையில் வாங்கிய கையெழுத்துகள்

இன்று காலை முத்திரை மையின் வாசனை என்னை நிறுத்தி வைத்தது. நம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை அலுவலகத்தில், நீ உட்கார்ந்திருந்த ஜன்னலோர மேசையில், இப்போது இருக்கும் பெண் என் சம்மதப் படிவங்களில் டக் டக்கென்று முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். விண்ணப்பம், அறிக்கை எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. ஆனாலும் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் தாளில் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை இருக்க வேண்டும் என்று நீ பிடித்த பிடிவாதம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லம்மா, நீங்க குத்துங்க" என்றேன்.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து வாய் துறுதுறுவென்று இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை. எடுத்த எடுப்பில் சொன்னால் நீ பாதியிலேயே "ஃபைல் எங்க?" என்று கேட்பாய். அதனால் முதலிலிருந்து வருகிறேன். பொறுமையாகக் கேள்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. நான் எழுதி முடித்துவிட்டுக் கையைத் தூக்குவேன், நீ என் தாளை இழுத்துப் பிழை பார்ப்பாய். கடைசியில் பிழைப்பும் அப்படியே அமைந்தது பார். டுரியான் துங்கால் சாலையில் ஒரே வளாகம். நான் பொறியியல் விரிவுரையாளர், நீ மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் அதிகாரி. எங்கள் ஆட்கள் உன்னை முதுகுக்குப் பின்னால் 'பிரேக்' என்றுதான் அழைப்பார்கள். உனக்கும் அது தெரியும். புதன்கிழமை தோறும் கேன்டீனில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, விண்ணப்பம் எழுதத் தெரியாமல் விழிக்கிறவர்களுக்கெல்லாம் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தவளும் நீதான். அதற்காக எவரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

என் ஆய்வு மருந்துப் பம்பு பற்றியது. செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் பெண்கள் முதுகில் சுமக்கிறார்களே, அந்தப் பம்பு. என் அம்மா சுமந்தது. அம்மாவின் இடது தோள் இறங்கிப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாரம் இடுப்புக்கு இறங்குகிற மாதிரி ஒரு பம்பு செய்தே தீருவேன் என்று நின்றேன். அதற்கு முதலில் அளக்க வேண்டும். தோளிலும் முதுகிலும் கம்பி கோத்த சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி, பம்பை மாட்டி நடக்கவிட்டு, தசை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பெண்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

நான் என்ன செய்தேன்? வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கோயில் தலைவர் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு காலத்தில் மருந்து அடிக்கும் கூட்டத்துக்கே மண்டோராக இருந்து மேற்பார்த்து வேலை வாங்கியவர். தீபாராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். "நம்ம தோட்டத்துப் புள்ள, யூனிவர்சிட்டியில லெக்சரரா இருக்கு, ஆராய்ச்சி செய்யுது. பொம்பளைங்க எல்லாரும் ஒரு சைன் போட்டுட்டு சாப்பிடப் போங்க" என்றார். அவ்வளவுதான். நெற்றியில் குங்குமத்தோடு வரிசை நின்றது. என் தலையைத் தடவி, "நல்லா இரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்கள். திங்கட்கிழமை அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு உன் மேசைக்கு வந்தபோது, பரீட்சையில் முதலாவதாக வந்தவள் மாதிரி நடந்தேன்.

நீ ஒவ்வொரு தாளாகப் புரட்டினாய். ஒன்றில் குங்கும விரல் பதிந்திருந்தது. அங்கே நின்றாய்.

"எங்க வாங்கினது இது?"

"கோயில்லதான். பூசை முடிஞ்சதும்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. ஏன் லா, அதெல்லாம் ஃபார்ம்ல இருக்கா?"

பேனாவை மூடி வைத்தாய். "அம்மன் முன்னாடி நிக்கிறாங்க. பழைய மண்டோர் மைக்குல சொல்றாரு. பின்னாடி வரிசை நிக்குது. கேக்குறது அவங்க தூக்கி வளத்த புள்ள. இதுல எவ லா நான் மாட்டேன்னு சொல்லுவா?"

"யாருமே மாட்டேன்னு சொல்லலடி! எல்லாருக்கும் சந்தோஷம்தான்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. ஒருத்தர்கூட சொல்லல. நீ முதுகுல ஒட்டப் போற. ரவிக்கையத் தளத்தணும். அது அவங்களுக்குத் தெரியுமா?"

ரவிக்கை விஷயம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தை அந்த வரிசையில் யாரும் திருப்பவில்லை. நீ ஒவ்வொரு தாளிலும் குறுக்கே 'செல்லாது' என்று எழுதி, தேதி போட்டு, கிழிக்காமல் ஃபைலில் வைத்தாய். எனக்கு வந்ததே கோபம்! "நீயும் அந்தத் தோட்டத்துல பொறந்தவதானே?" என்று கத்தினேன். "அதனாலதான் எனக்குத் தெரியுது. வேற ஆளா இருந்தா சைன் இருக்குன்னு விட்டிருப்பாங்க" என்றாய். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் போனாலும் அன்றைக்கே எனக்குள் ஒன்று அரிக்க ஆரம்பித்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. கேன்டீனில் வேண்டுமென்றே உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டேன். நீயோ ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரே செய்தியை அனுப்பினாய்: "நாளைக்கு மேசை காலியா இருக்கு." மூன்றாவது வாரம் வந்து உட்கார்ந்தேன். மன்னிப்பு எல்லாம் நான் கேட்கவில்லை, நீயும் எதிர்பார்க்கவில்லை. என் தமிழ்ப் படிவத்தை எடுத்துப் போட்டு, "'தன்னார்வ அடிப்படையிலான பங்கேற்பு'. இதப் படிச்சா உங்கம்மா என்ன பண்ணுவாங்க?" என்றாய்.

"எந்திரிச்சு சோறாக்கப் போயிருவாங்க" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் 'பிரேக்' சிரிப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படிவத்தை மறுபடி எழுதினோம். முதல் பக்கத்தின் முதல் வரியே இப்படி வந்தது: 'முதுகிலும் தோளிலும் ஒட்டு ஒட்டுவோம். அதற்கு ரவிக்கையைத் தளர்த்த வேண்டியிருக்கும். பெண்தான் ஒட்டுவார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.' கோயிலிலும் கூடாது, தலைவர் மாமாவும் கூடாது, வீட்டுக்கு வீடு போ என்றாய். போன அன்றைக்குக் கையெழுத்து வாங்கவே கூடாது; மைலோ கொடுத்தால் குடி, கதை பேசு, படிவத்தை வாசித்துக் காட்டு, வைத்துவிட்டு வந்துவிடு, இரண்டு நாள் கழித்துப் போ. மறுத்தவர்களுக்கென்று ஒரு பதிவேடும் போட்டுக் கொடுத்தாய். அதில் காரணம் எழுதக் கட்டமே இல்லை. "ஏன் வேணாம்னு கேட்டாலே அது கெஞ்சுற மாதிரிதான்" என்றாய்.

கையெழுத்துகள் பாதியாகக் குறைந்தன. எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் வந்த பெண்கள் வேறு மாதிரி வந்தார்கள். கேள்வி கேட்டார்கள், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், எனக்காக "நல்லாத்தான் இருக்கு தங்கம்" என்று பொய் சொல்லாமல், "இந்தப் பட்டை வெட்டுது, தூக்கிப் போடு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்தப் பட்டையை மாற்றியதில்தான் பம்பின் பாரம் இடுப்புக்கு இறங்கியது! அன்று ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ "ரிப்போர்ட் அனுப்பிட்டியா?" என்று கேட்டாய்.

பிறகு உனக்கே நோய் வந்தது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டுப் படிவத்தை நீட்டினார். பாவம், யாரிடம் நீட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. படுத்த படுக்கையாக இருந்த நீ தலையணையை உயர்த்தச் சொன்னாய். கண்ணாடி கேட்டாய். இரண்டு நாள் வைத்துப் படித்தாய். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று போட்டிருக்கிறது, யாரிடம் சொல்லி விலகுவது என்று போடவில்லையே என்று அவரிடம் மலாயில் நிதானமாகக் கேட்டாய். அவர் திருத்தி எடுத்து வந்தார். அப்புறம்தான் பேனாவை வாங்கினாய். "பாத்துக்க, இதுதான் சைன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். அந்த மருந்து உன்னைக் காப்பாற்றவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இப்போது நேற்றைய செய்திக்கு வருகிறேன். புதிய பம்பைப் பெண்கள் மாட்டி வேலை செய்து பார்க்கும் ஆய்வு இது. படிவங்களைக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நேற்று வாங்கப் போனேன். முதல் இரண்டு வீட்டிலும் கேள்விகளைக் கேட்டுத் தீர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது சரசு சித்தி வீடு. அம்மாவோடு ஒரே கூட்டத்தில் மருந்து அடித்தவர், அன்று கோயில் வரிசையிலும் நின்றவர், பிறகு வீட்டுக்கு வீடு போனபோது 'அப்புறம் பாக்கலாம்' என்று நழுவியவர். மைலோவைக் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்தில்லாத படிவத்தை மேசையில் வைத்தார்.

"வேணாம்மா. எனக்கு இதுல இஷ்டம் இல்ல."

என் முகத்துக்கு நேரே, அப்பட்டமாக! எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. "சரி சித்தி" என்று மட்டும் சொன்னேன்.

"கோவமா?"

"இல்லவே இல்ல சித்தி."

அவர் எதிரே உட்கார்ந்தார். "அன்னிக்குக் கோயில்ல போட்டேனே, அப்பவும் இஷ்டம் இல்லம்மா. ரவிக்கையத் தளத்தணுமாம்னு அப்புறம்தான் பேசிக்கிட்டாங்க. அம்மன் முன்னால போட்டுட்டோமே, எப்படி மாட்டேங்கிறதுன்னு சோறு இறங்கல. நல்ல வேளை, அந்த சைனெல்லாம் செல்லாதுன்னு ஆபீஸ்ல யாரோ சொல்லிட்டாங்களாம். யாருன்னு தெரியல. யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

உன் பெயரைச் சொன்னேன்.

சித்தி என் பக்கம் குனிந்தார். "நம்ம புள்ளயா? வருஷா வருஷம் தீபாவளிக்கு இங்கதானே வந்து உக்காந்து முறுக்கு தின்னுச்சு. ஒரு வார்த்த சொல்லலயே!"

சொல்லமாட்டாய். எனக்குத் தெரியும். ஃபைலில் இருப்பதை வெளியே பேசுகிறவளா நீ? சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். ஆனால் உள்ளுக்குள் குதித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். மூன்று வாரம் உனக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டவளுக்கு, நீ தடுத்தது எதை என்று ஒரு மனுஷி வாயாலேயே கேட்கக் கிடைத்ததே!

காருக்கு வந்து, நீ போட்டுக் கொடுத்த பதிவேட்டைத் திறந்து, சித்தியின் எண்ணுக்கு நேரே 'மறுத்தார்' என்று எழுதினேன். இத்தனை ஆண்டு ஆய்வில் இவ்வளவு சந்தோஷமாக வேறெந்தச் சொல்லையும் நான் எழுதியதில்லை. காரணம் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போகும்போது, அவர்களும் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்ற நினைப்போடு போனேன். இனி எந்த வீட்டுக்கும் அப்படித்தான் போவேன்.