அரை ஸ்டெப் கீழே

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒரு 'ஆ' பாடிப் பார்த்தது. ஏழு வாரமாக இதுதான் என் முதல் வேலை. பல் துலக்குவதுகூட அப்புறம்தான். தாழ்வாகப் பாடினால் குரல் வருகிறது. கொஞ்சம் மேலே ஏற்றினால் ஓரிடத்தில் வெறும் காற்று. அந்த இடம் நேற்றைவிட இன்று கீழே இறங்கிவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். இறங்கிவிட்டது என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே, இல்லை, தூக்கக் கலக்கம் என்று தோன்றுகிறது. வெளியே வந்தபோது கணவர், "சளி இன்னும் போகலியா?" என்றார். "போயிடும்" என்றேன்.

நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். 'போயிடும்' என்பது நீ எப்போதும் சொல்லும் பதில்.

1991-இல் நம் இருவருக்கும் இருபத்து நான்கு வயது. நீ கேஜிஎஃப் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் மகள். சர்ச்சில் கிதார் வாசித்துப் பழகியவள். நீலசந்திராவில் உன் சித்தி வீட்டில் தங்கி, பகலில் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாய். நான் அப்பாவின் கட்டாயத்துக்காக வீணை கற்று, விட்டுவிடும் நிலையில் இருந்தவள். இசைக்கருவிக் கடையில் வீணைத் தந்தி கேட்டுக்கொண்டிருந்த என் விரல்களைப் பார்த்துவிட்டு, அறிமுகம்கூட இல்லாமல் பேசினாய். "இந்த விரலு பேஸ் கிதாருக்குப் போதும்டி. நாலே கம்பி. உன்னால முடியாதா இன்னா?"

முடிந்தது. டிரம்ஸுக்கு ஸ்டான்லி வந்தான். அவன் வீட்டுக் கார் ஷெட்டில் ஞாயிறுதோறும் பயிற்சி. இந்த ஊரில் அதற்கு முன்னும் பெண்கள் மேடையில் ஆங்கிலப் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். ஆனால் எலெக்ட்ரிக் கிதாரைத் தானே மாட்டிக்கொண்டு, தன் பாட்டைத் தானே எழுதி, ஒரு ராக் குழுவைத் தானே நடத்திய பெண்ணை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அமைப்பாளர்களும் பார்த்ததில்லை. முதல் கல்லூரி விழாவில் ஒருவர் நம் இருவரையும் தாண்டிப் போய் ஸ்டான்லியிடம், "பேண்ட் எப்ப சார் வரும்?" என்று கேட்டார். ஸ்டான்லி உன்னைக் காட்டி, "அதுதான் சார் பேண்ட். நான் சும்மா தட்டறவன்" என்றான். உடை மாற்ற இடம் இல்லை. வேதியியல் ஆய்வகத்தில், அமில நெடிக்கு நடுவில் மாற்றிக்கொண்டோம்.

முதல் பாட்டு முடியுமுன்பே பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஆண்ட்டி, ஹிந்திப் பாட்டு பாடுங்க" என்று கத்தினான். எனக்குத் தவறான கம்பியில் விரல் போனது. நீ மைக்கில், "கிதாரு என் கையில கீது குரு. நீ மேல வந்து ஆடு, நா வாசிக்கிறேன்" என்றாய். மொத்தக் கூட்டமும் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது. அதற்குப் பிறகு அந்த மேடை உன்னுடையது.

நம் கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான். உன் அப்பா ஷிப்டுக்குப் போகும் பாட்டு. அதன் முடிவில் உன் குரல் சுரங்கத்துச் சங்கு ஊதுவதைப்போல அடியிலிருந்து கிளம்பி மேலே, மேலே போய் அங்கேயே நிற்கும். 1994-இல் நாம் போட்ட ஒரே கேசட்டில் அந்தச் சங்கு முழுசாக இருக்கிறது.

1998-இல் அது போகத் தொடங்கியது. பகல் முழுக்க ஹோட்டல் டெலிபோனில் பேச்சு, மாலையில் பாட்டு. மூன்று வாரமாகக் குரல் கரகரத்தது. ஒரு நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் சங்கு ஏறவில்லை. நீ வெளிறிப்போய் நின்றாய். அப்போது யோசனை சொன்னது நான்தான். "கம்பியெல்லாம் அரை ஸ்டெப் இறக்கிடலாமா?"

ராக் குழுக்களில் இது புதிதில்லை. எல்லாக் கம்பியையும் ஒரே அளவு தளர்த்தினால் விரல் போகும் இடம் மாறாது. பாட்டு மொத்தமும் கொஞ்சம் கீழே உட்காரும், குரல் ஏற வேண்டிய உயரம் குறையும். டிரம்ஸுக்குச் சுருதி சேர்க்கத் தேவையில்லை, ஆகவே ஸ்டான்லிக்கும் தெரிய வேண்டியதில்லை. அன்று சங்கு ஏறியது. திரும்பிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். ஒரு குரலைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஆண்டு இன்னொரு அரை ஸ்டெப். கம்பி தளர்ந்து இரைந்தது, தடித்த கம்பி வாங்கினாய். ஸ்டான்லி அதைப் பார்த்து, "இதுல துணி காயப்போடலாம் போலயே" என்றான். நாம் இருவரும் அளவுக்கு மேல் சிரித்தோம்.

சந்தாபுரா பக்கம் ஒரு கல்லூரி விழா ஞாபகமிருக்கிறதா? நம் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெண் கிதாரோடு ஓடிவந்தாள். "அக்கா, உங்க கேசட்டு போட்டுத்தான் நா கத்துக்கினேன். இன்னிக்கி ஸ்டேஜ் பின்னாடி உக்காந்து உங்ககூடவே வாசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே சேரல. ஒரு ஸ்டெப் தள்ளிப் போவுது."

நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "உன் டேப் ரெக்கார்டரு வேகமா ஓடுது கண்ணு. உள்ள பெல்ட்டை மாத்து."

"அப்ப இவ்ளோ நாளா தப்பாவா கத்துக்கினேன்?"

நீ என்னைப் பார்த்தாய். "பழைய மிஷின்னா அப்படித்தான்மா" என்று நானும் சொன்னேன். அவள் அங்கேயே நின்று, சரியாக இருந்த தன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு நீ, "பாவம்டி. அது சரியாத்தான் கேட்டுக்கீது" என்றாய்.

"டாக்டரைப் பாக்கலாம்."

"பாக்கலாம். டிசம்பர் முடியட்டும்."

"போன டிசம்பர்லயும் இதையேதான் சொன்ன."

"கத்தி வெச்சா அப்பறம் வர்றது யாரு குரலு? யாரோ ஒருத்தி குரலுக்கு நா எதுக்குக் கிதாரு வாசிக்கணும்?"

  அந்தக் கேள்வியோடேயே உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு முன் உன் கிதாரையும் என் கிதாரையும் மடியில் வைத்து இன்னும் அரை ஸ்டெப் இறக்கினேன்.

2001-இல் கடைசி மேடை. சங்கு வரவே இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. நீ சட்டென்று திரும்பி, அந்த ஏற்றத்தைக் கிதாரிலேயே வாசித்தாய். கூட்டம் எழுந்து நின்றது. "சூப்பர் ஐடியா மச்சி, இனிமே இப்படியே வெச்சுக்கலாம்" என்றான் ஸ்டான்லி. நீ தலையாட்டினாய். உன் கை தொண்டையில் இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார், "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மூணு மாசம் சார்" என்றாய். மூன்று வருடம் என்று எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த தொண்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் இப்போது அதைத்தான் செய்திருக்கிறேன். மேலே ஏழு வாரம் என்று எழுதினேன். பதினோரு வாரம் ஆகிறது. உன்னிடமும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

புற்று என்று குரல்வளையை எடுத்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பேசினாய். ஒருநாள் நான் வந்து உட்கார்ந்ததும், "இப்ப எவ்ளோ இறக்கணும்?" என்று எழுதிக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. நீ என்னை மன்னித்தாயா, குத்திக் காட்டினாயா என்று இந்த ஆறு வருடமாக யோசிக்கிறேன். இரண்டும் இல்லாமல் வெறும் வேடிக்கையாகவும் இருந்திருக்கலாம். நீ அப்படிப்பட்டவள்தான்.

உன் அடக்கத்தன்று உன் உறவுக்காரி ஒருத்தி என் காதில் படும்படியே, "சிகரெட்டு. வேற இன்னா? அந்தக் கூத்தெல்லாம் அடிச்சா?" என்றாள். பக்கத்தில் யாராவது பற்றவைத்தாலே எழுந்துபோகிறவள் நீ. அதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், பிறகு வேறு எதனால் என்று கேட்பாளே.

இப்போது நான் வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் தொண்ணூறு பேர். குரல் கம்மத் தொடங்கியதும் புடவையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று வாங்கினேன். இடுப்பில் ஒரு பெட்டி, அதில் சத்தத்தைக் கூட்டும் திருகு. வாரத்துக்கு ஒருமுறை அதைக் கொஞ்சம் கூட்டுகிறேன். கடைசி பெஞ்சுவரை கேட்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். நேற்று முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மேம், ரொம்ப இரையுது. மைக்கை ஆஃப் பண்ணிட்டு இந்த லைனை மட்டும் சொல்லுங்களேன்" என்றாள்.

"பேட்டரி வீக்காயிருக்கு, அதான்" என்றேன். மைக்கைக் கழற்றவில்லை. அவளும் நம்பித் தலையாட்டினாள். உன் சந்தாபுராப் பெண்ணின் முகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீதி வகுப்பை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை.

பயமாக இருக்கிறது. வெறும் தொண்டைப் புண் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஒரு மணி நேரம் நம்புகிறேன். அடுத்த ஒரு மணி நேரம் உன் நோட்டுப் புத்தகம் கண்ணில் நிற்கிறது. மகனுக்குப் பரீட்சை முடியட்டும், செமஸ்டர் முடியட்டும் என்று எனக்கும் டிசம்பர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நாம் சேர்ந்து செய்த வேலையில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் காது மட்டும்தான். ஒரு குரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். பதினோரு வாரம் என்று சொல்வேன். தொண்டைக்குள் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கட்டும். வெட்ட வேண்டும் என்றால், அதற்குப் பிறகு வருவது யாருடைய குரல் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வீட்டில் சொல்லவில்லை. ஸ்டான்லிக்கும் தெரியாது. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிராத ஒரே ஆள் நீ என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.