உங்கள் ஃபைலில் என் கையெழுத்து

இன்று காலை பீரோவின் மேல்தட்டிலிருந்து உங்கள் ஆஸ்பத்திரி ஃபைலை இறக்கினேன். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இதுதான் முதல் தடவை. அந்துருண்டை வாசனையோடு முதலில் வந்தது என்னுடைய பரிசோதனை அறிக்கை. ஆங்கிலம் என்பதால் யார் உதவியும் தேவைப்படவில்லை. என் சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தது. மறுபடி படித்தேன். பொருந்தும்.

"ஒத்துவரலையாம், விடும்மா" என்றுதானே சொன்னீர்கள்?

அதன் கீழே தெலுங்கில் ஒரு தாள், உங்கள் எழுத்து. அடியில் என் கையெழுத்து. மாடியில் குடியிருக்கும் ரேவதியைக் கூப்பிட்டு, "கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், படி" என்றேன்.

பாதியில் நிறுத்திவிட்டாள். "அம்மா... வீட்டுக்காரருக்குக் கிட்னி குடுக்க இஷ்டமில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்துக்கிறீங்க."

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

சித்தூரில் இத்தனை காலம் வாழ்ந்தும் எனக்குத் தெலுங்கு பேச வருமே தவிர, எழுத்து தெரியாது. அந்த ரகசியம் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் கேட்காமலே உரக்கப் படிப்பீர்கள்.

திருப்பதியில் அந்த டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். உயிரோடிருப்பவர் தருவது பெரும்பாலும் உடனே வேலை செய்யும், பொதுவாக அதிக வருடம் உழைக்கும். இறந்தவரிடமிருந்து வருவதும் நல்லதுதான். ஆனால் காத்திருக்க வேண்டும், சில சமயம் விழித்துக்கொள்ளவே நாளாகும். வெளியே வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "போனவங்களுதுன்னா அறுக்கறப்போ வலிக்காது பாரு. ரெண்டும் மூத்திரம்தானே பிரிக்கப்போவுது!"

"என்ன வார்த்தை இது" என்று அதட்டினேன். வார்த்தையை மட்டும்தான் கவனித்தேன்.

அடுத்த வாரம், "இன்னொரு டெஸ்ட்டுக்குச் சம்மதம், இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று அந்தத் தாளை நீட்டினீர்கள். வரிவரியாகப் படிப்பதுபோல் கண்ணை ஓட்டிவிட்டுப் போட்டேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டப்படிதானேம்மா?" என்றார்.

"முழு மனதோடு" என்றேன்.

அதன்பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. மரியாதை தெரியாத மனிதர் என்று உங்களிடம் எத்தனை முறை குறைப்பட்டேன்! நீங்கள் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு வருடம் டயாலிசிஸுக்கென்று திருப்பதி பஸ்ஸில் போய்வந்தோம். கடைசியில் பெயர் தெரியாத ஒருவருடையது கிடைத்தது. ஒன்பது நாள் தூங்கிவிட்டு விழித்தது. நான்கு வருடம் உழைத்தது. அந்தக் குடும்பத்துக்கு இன்றும் கைகூப்புகிறேன். என்னுடையது எத்தனை வருடம் உழைத்திருக்கும் என்று இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. யாரைக் கேட்டு இப்படிச் செய்தீர்கள்? என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா?

ரேவதி இன்னும் தாளோடு நின்றிருந்தாள். "எனக்குத் தெலுங்கு படிக்க வராது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

போன மாதம் லேபில் அந்தப் பெண், "இந்த வயசுலயும் ரெண்டு கிட்னியும் ஜோரா வேலை செய்யுதும்மா" என்றாள். பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். இப்போது விலாவில் ஒரு கையை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்று உங்களுடையது.