அரை மணியும் ஒரு நாளும்

சிவகாசி,
14-8-1959

அன்பு மகன் சுந்தரபாண்டிக்கு, அம்மா எழுதுவது. கல்கத்தாவில் நீயும் மருமகளும் சுகம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கு நானும் சுகமே.

கமிட்டி முன்னால் நான் அழுதேன் என்று உனக்கு எழுதியிருக்கிறார்கள். அழவில்லை. யூனியன்காரர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பேசினேன் என்பதும் தவறு. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நடந்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

தீப்பெட்டித் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி வைக்க அரசாங்கக் கமிட்டி வந்தது உனக்குத் தெரியும். நாள் கூலி என்று சட்டம் சொன்னாலும், நம் பெண்களுக்குக் கட்டைக் கணக்கில்தானே கொடுக்கிறோம்? மருந்தில் முக்குவதற்காக ஒருத்தி ஒரு நாளில் எத்தனை கட்டைகளில் குச்சி அடுக்குவாள் என்று பார்த்து, நாள் கூலியை அதால் வகுப்பார்கள். எண்ணிக்கை ஏறினால் கட்டைக்கூலி இறங்கும். அதனால் முதலாளிமார் சங்கம் பெரிய எண்ணாகக் காட்ட விரும்பியது.

கமிட்டிக்குக் காட்டுவதற்கு நம் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கொட்டகைத் தரையில் ஒரு குச்சி சிந்திக் கிடக்காது. ஆனால் உன் சித்தப்பா பெத்தணன் காலையிலேயே வந்து, வளைந்த குச்சிகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, நேரான குச்சிகளாக முருகம்மாள் முன்னால் கொட்டினார். நம் ஆட்களில் அவள்தான் அதிவேகம். அரை மணியில் இரண்டு கட்டை முடித்தாள். உடனே சித்தப்பா எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கி, முப்பத்திரண்டு என்றார். "பாத்தீகளா ஐயா, பொம்பளைப் பிள்ளைக விளையாட்டாச் செய்யித வேலை இது" என்றார். பின்வரிசையில் பஞ்சம்மாள், "ஏளா முருகு, நீ ஓடுத ஓட்டத்துக்கு எங்களுக்குல்லா மூச்சு வாங்குது" என்று முனகினாள். கமிட்டியின் இளம் அதிகாரி முப்பத்திரண்டு என்று எழுதப் பேனாவைத் திறந்தார். சித்தப்பா வீட்டில் கோழிக் குழம்பு அவருக்காகக் காத்திருந்தது.

நான் எழுந்தேன். பாளையங்கோட்டைக் கான்வென்டில் கற்ற ஆங்கிலத்தில், அரை மணி நேரம் ஒரு நாள் ஆகாது, சாயங்காலம்வரை இருந்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் எழுதாதீர்கள் என்றேன். குரல் நடுங்கவில்லை. அந்த அதிகாரிப் பிள்ளை முகம் சிவந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கோபப்பட்டவள் முருகம்மாள்தான். "எனக்கு இன்னிக்கு ஒரு நாள் பேரு கெடைச்சிச்சு, அதையும் ஏம்மா கெடுக்கீக?" என்றாள். "உன் பெயரை எழுதுவதானால் முழு நாளுக்கும் எழுதட்டும்" என்று அவளிடம் சொன்னேன். வழக்கமான மூட்டையிலிருந்து குச்சி எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். மதியத்துக்குள் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டாள். கஞ்சி குடித்தாள், தண்ணீர் குடித்தாள், முதுகை நிமிர்த்தினாள், மனுஷி அல்லவா? மாலையில் எண்ணினால் இருபத்தொன்று. பஞ்சம்மாளுக்குப் பதினான்கு. அதை யாரும் கேட்கவில்லை. நான் எழுத வைத்தேன். இருபத்தொன்று அடுக்க இந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. அவள் நம் கம்பெனியில் இருக்கிறாள் என்பதில் எனக்குப் பெருமை.

சித்தப்பா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "மதினி, மழை தண்ணி இல்லாத ஊருல வேலை குடுக்கதே பெருசு. கூலி ஏறினா ஆர்டர் எல்லாம் மிஷின் வச்சிருக்கவனுக்குப் போயிரும். அப்பம் இந்த முருகம்மா எங்க போவா?" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது; மறுக்க மாட்டேன். நமக்கும் லாபம் குறையும். அதைக் கமிட்டியிடம் சொல்லி வாதாடட்டும், நானே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். பொய் எண்ணை வைத்து வாதாட மட்டும் என் கொட்டகையில் இடமில்லை.

இப்போது விஷயம் உன்னிடம் வந்திருக்கிறது. கம்பெனி உன் பெயரில் இருப்பதால், முழு நாள் எண்ணிக்கையை ஒப்புக்கொள்வதாக நீ கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவர் பேச்சு கம்பெனியின் பேச்சல்ல என்று சித்தப்பாவும் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார் என்று அறிகிறேன். இரண்டில் ஒன்றில்தான் நீ கையெழுத்திட முடியும்.

அவருடைய தாளில் இட்டால், கொட்டகைச் சாவியை அவரிடமே கொடுத்துவிடுவேன். சண்டை போட மாட்டேன். உன்மேல் வருத்தம் இராது என்றும் எழுத வந்தேன். பொய் எழுதிப் பழக்கமில்லாததால் விட்டுவிட்டேன்.

மருமகளுக்கு ஆறாம் மாதம். மாடிப்படி அதிகம் ஏற விடாதே. மூவரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

கமிட்டி இருபத்தெட்டாம் தேதி விருதுநகரில் மறுபடி கூடுகிறது. எந்தத் தாள் என்பதைச் சித்தப்பா வாயால் நான் கேட்கக் கூடாது. தந்தி வேண்டாம். அதற்குள் வந்துசேரும்படி, உன் கையாலேயே பதில் எழுது.

ஆசிகளுடன்,
உன் தாய்
வீரலட்சுமி