ஜூலை மூன்றாம் தேதிச் சீட்டு

காஸல், 9 மார்ச் 1874

மதிப்பிற்குரிய மேஜர் ஸ்டீர்னாவ் அவர்களுக்கு,

அருங்காட்சியகத்துக்கென்று நீங்கள் உலர்த்தி, சீட்டு எழுதி அனுப்பிய ஒன்பது கட்டுப் பாசியும் நனையாமல் வந்து சேர்ந்தன. பட்டாளத்தை விட்டுவிட்டுப் பாசி பொறுக்கப் போனவர் என்று இங்கே காப்பாளர் உங்களைக் கேலி செய்கிறார். ஆனால், "மேஜரோட சீட்டுல ஊரும் தேதியும் தப்பாதும்மா, கண்ண மூடிட்டு ஒட்டு" என்றும் சொல்கிறார். இந்த அருங்காட்சியக வேலையை வாங்கித் தந்தீர்கள், நன்றாக இருப்பீர்கள்.

குருத்தோலை ஞாயிறன்று என் மகள் ஓட்டிலிக்குக் கோயிலில் திடப்படுத்தல் சடங்கு. எட்டு வருடம் முன்பு அவள் அப்பா போரில் இறந்தபோது, அவருடைய அதிகாரியாக நீங்கள் எழுதிய கடிதத்தை அன்று அவள் கையில் கொடுக்கப்போகிறேன். 'ஜூலை மூன்று மாலை, என் கைகளில், வலியில்லாமல் கண் மூடினார்.' எனக்கு அது மனப்பாடம்.

என்றும் நன்றியுள்ள,
அடெல்கைட் ரோக்காம்ப்

காஸல், 17 மார்ச்

மேஜர் அவர்களுக்கு,

நான்காம் கட்டில் பாசி வைத்த ஒரு தாள். சீட்டில் உங்கள் கையெழுத்து: 'போஹீமியா, ஆலை ஓடை, 3 ஜூலை 1866, மாலை.' என் கணவர் இறந்த காடு அங்கிருந்து ஏழு மணி நேர நடை. தேதி தவறாக இருக்குமோ என்று காப்பாளரைக் கேட்டேன். "அவரா? பொண்டாட்டி பேர வேணா மறப்பாரு!" என்று சிரித்தார்.

தவறென்று ஒரு வரி எழுதுங்கள், திருத்திவிடுகிறேன். குருத்தோலை ஞாயிறுக்குள் தெரிய வேண்டும்.

அடெல்கைட்

ஹாமெல்ன், 22 மார்ச்

திருமதி ரோக்காம்ப் அவர்களுக்கு,

சீட்டு சரி. திருத்த வேண்டாம்.

அன்று என்னைச் செய்தியோடு போர்க்களத்துக்குப் பின்னால் அனுப்பியிருந்தார்கள். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் ஓடைக் கல்லில் பாசி எடுத்தேன். மறுநாள் திரும்பியபோது உங்கள் கணவரைப் புதைத்திருந்தார்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள், எப்படி இறந்தார், எனக்குத் தெரியாது. அந்த வாரம், இறந்தவர்களின் நாற்பத்தொரு வீடுகளுக்கு எழுதினேன். எல்லாவற்றிலும் அதே வாக்கியம்தான். மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

எக்பெர்ட் ஸ்டீர்னாவ்

காஸல், 30 மார்ச்

மேஜர் அவர்களுக்கு,

தாளை ஒட்டிவிட்டேன். கடிதத்தை ஓட்டிலிக்குக் கொடுக்கவில்லை. கோயிலிலிருந்து வரும் வழியில், "அப்பா எப்படிம்மா செத்தாரு?" என்று கேட்டாள். "தெரியலடி" என்றேன். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. இனி எழுதுவதைக் காப்பாளர் பெயருக்கு எழுதுங்கள்.

உண்மையைச் சொல்கிறேன் என்று மற்ற நாற்பது பேருக்கும் எழுதிவிடாதீர்கள்.

அ. ரோக்காம்ப்