வெயிலில் காய்ந்த கையுறைகள்

செவ்வாய், இரவு

கபோ சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கள் இலவசக் கிளினிக்கில் கையுறைகளைக் குளோரினில் ஊறவைத்துக் கழுவி, அவித்து, மறுபடி பாவிக்கிறோம். நிழலில்தான் காயவைக்க வேண்டும். கையுறை கழுவும் ஸ்டெல்லா அக்கா வெயிலில் போட்டு ரப்பரை இற்றுப்போகச் செய்துவிட்டார்.

இன்று கத்திக்குத்துப்பட்டவனுக்கு டொக்டர் தையல் போடும்போது அவன் உதைத்துத் திமிறினான். நான் அமுக்கிப் பிடித்தேன். கையுறை கிழிந்து, அவன் இரத்தம் தோய்ந்த ஊசி என் விரலில் ஏறியது.

மிச்சக் கையுறைகளையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன்.

“உனக்கென்ன விசரோ? நாளைக்கு வெறுங்கையாலயோ தைக்கிறது?” என்று அக்கா என் கையை முறுக்கினார்.

“உங்கடை வெயிலாலதான்!” என்று தள்ளினேன். அவர் தலை சுவரில் மோதியது.

எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு வரும்வரை நான் தாய்ப்பால் கொடுக்கக் கூடாதாம், டொக்டர் சொன்னார். வீட்டில் மகன் பால் போத்தலைத் தட்டிவிட்டுக் கத்துகிறான்.

“ஒருக்காக் குடுமப்பா, பாவம்,” என்று இவர் நான் பூட்டிக்கொண்ட அறைக்கதவைத் தட்டுகிறார்.

என் சட்டை பாலில் நனைந்துவிட்டது.