என் ஜன்னலுக்கு வரும் பந்து

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் பந்து. நேராகச் சமையலறை ஜன்னல். முற்றம் அவ்வளவு பெரிதாகக் கிடக்க, இந்த வாண்டுகளுக்கு என் கண்ணாடிதான் கண்ணில் படுகிறது. வெளியே போய்க் கத்தினேன். தையல் ஆலையில் நூற்றிருபது இயந்திரங்களுக்கு மேலே பேசி வேலை வாங்குகிற தொண்டை, சும்மாவா? நான்கு மாடியும் எட்டிப் பார்த்தது. மேல்வீட்டில் கட்டில் இழுக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

கேப்டன் (எதிர்வீட்டுப் பத்து வயசு, கும்பலுக்குத் தலைவி) கைகட்டி முழுத் திட்டையும் கேட்டுவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். கொழுப்பைப் பாரேன்!

ஜூன் 7, சனி

தொண்டையில் கொப்புளமாம். "ரெண்டு வாரம் கத்தவே கூடாதும்மா" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இரண்டு கையாலும்.

ஜூன் 10, செவ்வாய்

பந்து. மறுபடி பந்து. மறுபடியும். ஒரு கண்ணாடி உடைந்தது. கீழே ஐந்து பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 11

வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வலை அடித்தார். இனி அவர்கள் பாச்சா பலிக்காது.

ஜூன் 13, வெள்ளி

மாலை அழைப்பு மணி. கேப்டன். அவள் பின்னால் சுண்டெலி, மேல்வீட்டு ஆறு வயசுக் குழந்தை. ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஆன்ட்டி, ஏன் கத்தவே மாட்டேங்கறீங்க?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"கொஞ்சமாவது கத்துங்க. அவசரம்."

எதுக்கு என்று சைகையில் கேட்டேன். சுண்டெலிதான் சொன்னாள். "நீங்க கத்துனா எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. எல்லாரும் பாத்தா அப்பா அம்மாவை அடிக்கிறதை விட்டுடுவாரு."

மேலே தடால் என்றது.

எனக்குப் பழகிய சத்தம். கட்டில் நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன் — வாரத்துக்கு மூணு தடவை எவடி கட்டில நகத்துவா? இயந்திரச் சத்தத்துல காது போச்சு, சரி. புத்தி எங்க போச்சு? செவ்வாய்க்கிழமை ஜன்னலை வேற சாத்தினேனே, பாவி.

மாடி ஏறிக் கத்தினேன். முதல் வார்த்தைக்கே எல்லாக் கதவும் திறந்தது. "இது எங்க குடும்ப விஷயம்" என்றான் அந்த ஆள். "உடைஞ்சது என் ஜன்னல்டா!" என்றேன். சுண்டெலியின் அம்மாவைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தேன்.

ஜூன் 14

குரல் சுத்தமாகப் போய்விட்டது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது ஆறு வாரம்.

ஜூன் 29, ஞாயிறு

சுண்டெலியும் அம்மாவும் இரண்டு வாரம் எங்கள் உள்ளறையில் இருந்துவிட்டு, காலையில் அவள் மாமா வீட்டுக்குப் போனார்கள். புகார் எழுதிக் கொடுத்தாயிற்று. சுண்டெலிக்கு இரண்டு காலிலும் புதுச் செருப்பு. வீடு வெறிச்சென்று இருக்கிறது. வலையைக் கழற்றினோம்.

சாயங்காலம் கேப்டன் வந்தாள். "ஆன்ட்டி, குரல் எப்ப வரும்? பின்கட்டடத்துல ஒரு பையன் கேக்கச் சொன்னான்."

காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: பந்தெல்லாம் வேண்டாம். நேரா வந்து மணி அடிங்க. தட்டைத் தட்டிக்கிட்டாவது வர்றேன்.

வீட்டுக்காரர் அதை எட்டிப் படித்தார். சமையலறையிலிருந்து பெரிய தட்டை எடுத்து வந்து வாசல் ஆணியில் மாட்டினார். பக்கத்திலேயே கரண்டியையும்.