பூங்கொடியின் பதினைந்து மார்க்

ஏப்ரல் 18, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் கணபதி ஏரியாவில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு நின்றதில் ஆபீசுக்குக் கால் மணி நேரம் லேட். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். இந்தப் பம்ப் கம்பெனியில் அவர் கையெழுத்தைப் படித்து டைப் அடிக்க என்னை விட்டால் வேறு யார்?

சாயங்காலம் பீளமேடு, பார்வையற்றோர் மையம். கடைசிப் பாடமும் வாசித்துக் கேசட்டில் ஏற்றியாயிற்று. இந்த வருடம் மொத்தம் பதினேழு கேசட். நடுவில் மில் சங்கு ஊதியதும் பதிவாகிவிட்டது. திரும்ப வாசிக்கத் தெம்பில்லை. பூங்கொடி (இனி பூ. போதும், பகலெல்லாம் டைப் அடித்த கை) போட்டுக் கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

"இருக்கட்டுங்க்கா. சங்கு எப்ப ஊதுதுன்னு கேள்வி வந்தா எழுதிப்போடலாம்."

வாய்க்கொழுப்பு. பி.ஏ. வரலாறு முடிக்கப் போகிறாள் அல்லவா. எட்டு வயதில் அம்மை வந்து கண் போனவள். ஊர் பவானிப் பக்கம், அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு: பாடத்தை நான் வாசிப்பேன், அவள் கேட்டுப் படிப்பாள். பரீட்சையில் அவள் சொல்வாள், நான் எழுதுவேன்.

கிளம்பும்போது சொன்னாள். ஊரில் சித்தப்பா கேட்கிறாராம்: "எவளோ எழுதறா, நீ பாஸாகறியாக்கும்?" அப்புறம், "அம்பதே வந்தாலும் அது எம்பட மார்க்குன்னு சொல்லிப்போட்டு வந்தேனுங்க்கா" என்றாள்.

அந்தச் சித்தப்பனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

ஏப்ரல் 20, வியாழன்

நாளைப் பரீட்சைக்கு: நீலப் பேனா 3. ஹால் டிக்கெட் (அவளிடம்). உதவி எழுத்தர் அனுமதிக் கடிதம் (என்னிடம்). தண்ணீர் பாட்டில். குளுக்கோஸ். ஒரு நாள் லீவு சொல்லியாயிற்று.

கடிதம் வாங்க மையத்துக்குப் போனேன். மையத்தை நடத்துகிற சாருக்கும் பார்வை கிடையாது, பிறவியிலிருந்தே. கடிதத்தை உடனே தரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வாசிக்கறவங்களே போயி எழுதறது எனக்கு அவ்வளவாப் புடிக்கலீங்க அம்மிணி. ஆளு கெடைக்கல, அதான். அங்க நீங்க வெறும் கைதானுங்க. வாயி அவளோடது."

சுருக்கென்றது. இரண்டு வருடமாக எழுதுகிறவளுக்குப் பாடம் எடுக்கிறார். "தெரியுங்க சார்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

எங்களுக்குத் தனி அறை. காத்தாடி ஓடவில்லை. சூபர்வைசர் அம்மா வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் இரண்டு மணி நேரம் பூ. நன்றாகச் சொன்னாள். மடை திறந்த மாதிரி. எனக்குத்தான் விரல் மரத்துப் போயிற்று.

அப்புறம் இரயத்துவாரி முறை. பதினைந்து மார்க். மாற்றிச் சொல்கிறாள். விவசாயியிடம் நேரே வரி வாங்குவது இரயத்துவாரி. ஜமீன்தாரை நடுவில் வைப்பது நிலையான நிலவரி. அவள் இரயத்துவாரிக்கு ஜமீன்தாரைச் சொல்கிறாள். தடங்கலே இல்லாமல், தைரியமாக, பத்தி பத்தியாக.

நான் வாசித்த பாடம். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று கண்ணை மூடினால் தெரியும். பேனா ஓடவில்லை.

"என்னங்க்கா, பேனா நின்னுருச்சு?"

"மை வரலை கண்ணு. வேற எடுக்கறேன்."

முதல் பொய். மை வந்துகொண்டுதான் இருந்தது.

சித்தப்பன் முகம் தெரியாது, ஆனாலும் அவன்தான் கண் முன்னால் நின்றான். இவள் தோற்றால் அவன் சிரிப்பான். சரியானதை எழுதினேன். அவள் ஜமீன்தார் என்கிறாள், நான் குடியானவன் என்று எழுதுகிறேன். முழு விடையும் அப்படியே.

முடிந்ததும், "படிச்சுக் காமிங்க்கா" என்றாள். சரியான விடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அவள் சொன்ன தப்பை வாயால் வாசித்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் சிறு வினா நான்குக்கு நேரம் போதவில்லை. இருபது மார்க் அதில் போயிற்று.

வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத்தானுங்க்கா கை வலிச்சிருக்கும்" என்று என் விரல்களை நீவிவிட்டாள்.

ஏப்ரல் 22, சனி

பூ. மையத்தில் அழுதுகொண்டிருந்தாள். ஹாஸ்டல் பிள்ளைகள் பேசும்போதுதான் மாற்றிச் சொன்னது தெரிந்ததாம். "பதினஞ்சும் போச்சுங்க்கா. படிச்சுக் காமிச்சீங்களே, அப்பக்கூட எம்பட புத்தியில தட்டலைங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"உடு அம்மிணி, அதெல்லாம் பாஸாயிருவே" என்றேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. இவள் அழுகிறாள், ரிசல்ட் வரும்போது எப்படித் துள்ளுவாள் என்று. என்ன பிறவி நான்.

ஜூன் 15, வியாழன்

சாரல். பாலக்காட்டுக் காற்று ஆளைத் தள்ளுகிறது. குடை திரும்பிக்கொண்டது.

ரிசல்ட். அந்தப் பேப்பரில் அறுபத்தெட்டு.

மையத்துக்கு லட்டு வாங்கிக்கொண்டு போனேன். பூ. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லட்டைக் கையில் வைத்தேன். அப்படியே வைத்திருந்தாள், வாயில் போடவில்லை.

"நாலு கேள்வி எழுதவே இல்லீங்க, அதுல இருவது போச்சு. இரயத்துவாரி பதினஞ்சு போச்சு. மீதி அறுவத்தஞ்சு. அறுவத்தஞ்சுல எப்படிங்க அறுவத்தெட்டு வரும்?"

"திருத்தினவங்க தாராளமாப் போட்டிருப்பாங்க."

"அந்தக் கேள்வியிலதானுங்க பேனா நின்னுச்சு."

மழைச் சத்தம். யாரோ உள்ளே கேசட்டைத் திருப்பிப் போடும் சத்தம். நான் பேசவில்லை. பேசாததே பதில் ஆயிற்று.

"மத்த பேப்பருங்க? போன வருசத்துதுங்க?"

"அது அத்தனையும் நீ சொன்னதுதான் கண்ணு. எங்கம்மா மேல சத்தியமா. இது ஒண்ணுதான்."

"அன்னைக்கும் படிச்சுக் காமிச்சீங்களே" என்றாள்.

திட்டவில்லை. கத்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மடக்குக் கோலை விரித்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரை கூடப் போய்க் கையைப் பிடிக்கப் போனேன். "பரவால்லீங்க மேடம், நானே போயிக்குவேன்."

மேடம்.

ஜூன் 17, சனி

அம்மா: "ஏன்டி, காச்சலா? சோறு அப்படியே கெடக்குது." ஆமாம் என்றேன்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அந்த ஒரு பேப்பரை மட்டும் அவள் திரும்ப எழுதட்டும் என்றேன்.

சார் மேசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பாஸான பேப்பரைத் திருப்பி எழுத உடமாட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்தா அவளோட ரிசல்ட்டையே நிறுத்திப்போடுவாங்க. எழுத ஆளு வேணும்னு நாளைக்கு நான் இன்னொரு புள்ளைக்குக் கேட்டா, எந்த மொகத்தோட கேக்கறது? உங்க மனசு லேசாகறதுக்கு அந்தப் புள்ளையோட டிகிரியக் கேக்கறீங்களா அம்மிணி?"



"நல்லதுக்குத்தான் சார் செஞ்சேன்" என்றேன், அந்த நேரத்திலும்.

"எங்களுக்கு நல்லது செய்யறவங்க எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க."

இனிப் பரீட்சைக்குப் போக வேண்டாமாம். வாசிக்க மட்டும் வரலாமாம். அதுவும் பெரிய மனசு.

ஜூன் 24, சனி

வாசித்தேன். வேறொரு பையனுக்குப் பொருளாதாரம். குரல் எனக்கே யாரோ மாதிரி.

பூ. இரண்டு வருடக் கேசட்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேறு யாருக்காவது ஆகட்டும் என்றாளாம்.

சார் இன்னொன்றும் சொன்னார். பி.எட். அப்ளிகேஷன் வாங்க மாட்டேன் என்கிறாளாம். "இதுல எதுங்க சார் என்னுது, எதுங்க அவங்களுது? இத வெச்சு எப்படிங்க நான் டீச்சராகறது?" என்று அவரிடம் கேட்டாளாம்.

அவளுக்குக் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். கிழித்துப் போட்டேன். பாவி, பாவி.

ஜூலை 2, ஞாயிறு

வெயிலும் தூறலும் மாறி மாறி. காந்திபுரத்தில் அம்மாவுக்கு முட்டி வலித் தைலம், அரைக் கிலோ சின்ன வெங்காயம், ரிப்பன் (டைப்ரைட்டருக்கு, ஆபீஸ் செலவு).

பஸ் ஸ்டாண்டில் பூ. நின்றிருந்தாள். தோளில் பெரிய பை, கையில் போர்வை மூட்டை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது. பச்சைப் பாவாடை தாவணி. இளைத்திருந்தாள்.

பத்தடி தள்ளி நின்றேன். நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. அதுவே ஒரு திருட்டு மாதிரி இருந்தது. போய்விடலாம் என்று திரும்பினேன். அதற்குள் பஸ் ஒன்று உள்ளே வந்து நின்றது. கூட்டம் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது. இவள் கோலை முன்னால் நீட்டிக்கொண்டு, யார் என்று இல்லாமல் பொதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, இது பவானி போறதுங்களா?"

ஒருவரும் காதில் வாங்கவில்லை. போர்டைப் பார்த்தேன். பவானிதான். இரண்டு தடவை பார்த்தேன். கிட்டே போனேன்.

"ஆமா கண்ணு. பவானி வண்டிதான். ஏறிக்கோ."

குரல் தெரிந்துவிட்டது. முகம் என் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. லேசாகத் தலையாட்டினாள். "சரிங்க" என்றாள்.

ஏறவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இது பவானி வண்டிதானுங்களா?"